ஆற்றுக்கு வெடி வைக்கிறார்கள்

ஒட்டாவாவுக்கு வீடு மாறி வந்த முதல் வருடம், பெப்ரவரி கடைசி. காலை ஒன்பது மணி இருக்கும். நான் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள், அம்மா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். டும் என்று ஒன்று. சன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது, அலுமாரிக்குள் அடுக்கியிருந்த கோப்பைகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுங்கின. பக்கத்தில் ஏதோ கட்டட வேலை என்று நினைத்துக்கொண்டு நான் திரும்பவும் கணினியைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் கழித்துத்தான் குசினியில் கத்திச் சத்தம் நின்றுபோயிருந்தது உறைத்தது. எழும்பிப் போய்ப் பார்த்தால் அம்மா அங்கே இல்லை. குளியலறைக்கு முன்னால், சன்னல் எதுவுமே இல்லாத அந்த மூலையில், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். கையில் பாதி உரித்த வெங்காயம்.

"குத்தின சத்தம் கேட்டது தம்பி. விழுந்த சத்தம் கேக்கேல்லை" என்றார்.

ஷெல்லடிக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தூரத்து முகாமில் ஷெல் வெளிக்கிடும்போது ஒரு சத்தம், அதுதான் குத்துகிற சத்தம். அப்புறம் அது எங்காவது விழுந்து வெடிக்கிற சத்தம். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற சில நொடிகளில் பதுங்குகுழிக்குள் இறங்கவேண்டும். அம்மா கனடாவுக்கு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது, ஆனாலும் அந்த எண்ணிக்கை உடம்புக்குள் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது போலிருக்கிறது. எண்ணி முடித்துவிட்டார், விழவேண்டியது விழவில்லை. அதுதான் அவருக்குக் கூடுதல் பயம்.

கீழே லிஃப்டுக்குப் பக்கத்தில் அறிவித்தல் ஒட்டியிருந்ததை அதற்குப் பிறகுதான் நின்று வாசித்தேன். இரண்டு கிழமையாக அந்தத் தாளைக் கடந்துதான் குப்பை கொட்டப் போய் வந்திருக்கிறேன், என் பிழைதான். ஆற்றில் ஐஸ் உடைக்கிறார்கள், வெடி வைத்து உடைக்கிறார்கள், பிள்ளைகளை ஆற்றுப் பக்கம் விடாதீர்கள், அவ்வளவுதான் செய்தி. மேலே வந்து அம்மாவுக்குச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஐஸ் உடைக்க ஆராவது குண்டு வைப்பினமோ? வெயில் வந்தால் தானா உருகிப் போகாதோ?"

நல்ல கேள்விதான். எனக்கும் அப்போது பதில் தெரியாது. அன்றிலிருந்து எனக்கு இது ஒரு பைத்தியம் மாதிரிப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு மாசியும் ஆற்றங்கரையில் போய் நிற்கிறேன், கண்ணில் படுவதையெல்லாம் வாசிக்கிறேன், கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். என் மனைவி "ஐஸ் வாத்தியார்" என்று பட்டமே வைத்துவிட்டாள்.

முதலில் ஆறு. ரிடோ ஆறு தெற்கே உள்ள ஏரிகளில் தொடங்கி ஸ்மித்ஸ் ஃபோல்ஸ், மெரிக்வில், மனோட்டிக் என்று ஊர் ஊராக வளைந்து வடக்கு நோக்கி வருகிறது. மொத்தம் 146 கிலோமீற்றர். ஒட்டாவா நகரத்துக்குள் ஹொக்ஸ்பாக் என்ற இடத்தில் (பன்றிமுதுகு என்று அர்த்தம், பாறை அப்படித்தான் இருக்கும்) புகழ்பெற்ற ரிடோ கால்வாய் ஒரு பக்கமும் ஆறு இன்னொரு பக்கமுமாகப் பிரிகின்றன. கால்வாய் நேராக நாடாளுமன்றத்தின் காலடிக்குப் போய்விடும். ஆறு கிழக்கே சுற்றிக்கொண்டு, பில்லிங்ஸ் பாலம், ஹர்ட்மன், கம்மிங்ஸ் பாலம் எல்லாம் தாண்டி, கடைசியில் கிரீன் தீவுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து, இரண்டு அருவிகளாக ஒட்டாவா ஆற்றுக்குள் விழுகிறது. ரிடோ என்றால் பிரெஞ்சில் திரைச்சீலை. படகில் வந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு அருவி திரை தொங்குவது மாதிரித் தெரிந்திருக்கிறது. பிரதமரின் உத்தியோகபூர்வ வீடு இருக்கிற சசெக்ஸ் வீதி அந்த அருவியை ஒட்டித்தான் போகிறது. வெடிச்சத்தம் அங்கேயும் கேட்கும் என்று நினைக்கும்போது எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. கால்வாயில் குளிர்காலத்தில் 7.8 கிலோமீற்றர் நீளத்துக்குச் சறுக்குப் பாதை போடுவார்கள். சனம் சறுக்கிக்கொண்டே வேலைக்குப் போகும். அங்கே ஐஸ் தடிக்கவேண்டும் என்று நகரமே ஏங்கும். 2022-23 குளிர்காலத்தில் ஐஸ் போதாமல் பாதை ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. 1971இல் தொடங்கியதிலிருந்து அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை, ஊரே துக்கம் கொண்டாடியது. அந்தக் கால்வாயிலிருந்து நடை தூரத்தில், அதே தண்ணீரின் மற்றக் கிளையில், அதே கிழமைகளில் ஐஸுக்கு வெடி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் கல்யாணமும் அடுத்த வீட்டில் செத்தவீடும் மாதிரி.

சரி, ஏன் உடைக்கவேண்டும்? ஐஸ் தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசு, ஒரு கன மீற்றர் 917 கிலோ. பத்து மீற்றர் நீளம், பத்து மீற்றர் அகலம், அரை மீற்றர் தடிப்பில் ஒரு பாளத்தை நினைத்துப் பாருங்கள். நடுத்தர வீடு ஒன்றின் தரையளவு. அதன் எடை ஏறத்தாழ 46 தொன். யானைக் கணக்கில் பத்து யானை. ஆற்று முழுக்க அப்படிப் பாளம் பாளமாகக் கிடக்கிறது. வசந்தம் வந்தால் மேற்பக்கத்து வயல்களிலும் காடுகளிலும் கிடக்கும் பனியெல்லாம் உருகி ஒரேயடியாக ஆற்றுக்குள் வரும். தண்ணீர் ஏற ஏற ஐஸ் கூரையைக் கீழிருந்து தூக்கும். கரையோரம் வெடிப்பு ஓடும், கூரை கழன்றுவிடும், பத்து யானைகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரத் தொடங்கும். வளைவு வருகிற இடத்தில், பாலத்தூண் நிற்கிற இடத்தில், ஆறு ஆழம் குறைந்து பரவுகிற இடத்தில், முன்னால் போன யானை நின்றுவிட்டால் பின்னால் வருகிறவை அதன்மேல் ஏறும், அடியில் நுழையும், சரிந்து நிற்கும். அரை மணி நேரத்தில் ஆற்றுக்குக் குறுக்கே யாரும் கட்டாத ஓர் அணை. வந்துகொண்டிருக்கும் தண்ணீருக்குப் போக இடமில்லை, தெருவுக்குள் வரும்.

மழை வெள்ளத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குப் புரிந்தமட்டில் சொன்னால், மழை வெள்ளம் நாட்கணக்கில் ஏறும், படம் போட்டு முன்கூட்டியே எச்சரிக்கலாம். ஐஸ் அடைத்த வெள்ளம் மணிக்கணக்கில் ஏறும், சிலநேரம் நிமிடக்கணக்கில். எங்கே அடைக்கும் என்பதைக் கடைசிவரை உறுதியாகச் சொல்ல முடியாது. 2020 ஏப்ரலில் அல்பேர்ட்டாவின் ஃபோர்ட் மக்மறேயில் ஆற்றில் ஏறத்தாழ 25 கிலோமீற்றர் நீளத்துக்கு ஐஸ் அடைத்துக்கொண்டது. கோவிட் அடைப்புக்கு நடுவில் சுமார் 13,000 பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அதைவிட என்னை உலுப்பியது நியூஃபவுண்ட்லாந்தில் பட்ஜர் என்ற சின்ன ஊரின் கதை. 2003 பெப்ரவரியில் அங்கே ஆறு அடைத்து ஊருக்குள் தண்ணீர் புகுந்தது, உடனேயே கடுங்குளிர் விழுந்தது. வந்த தண்ணீர் வடியவில்லை, அப்படியே உறைந்துவிட்டது. கார்கள் கதவு மட்டத்துக்கு ஐஸுக்குள் புதைந்து நிற்கும் படங்களைப் பார்த்திருக்கிறேன். வெள்ளம் வந்தால் வடிந்ததும் சேறு கழுவலாம் என்பதுதான் நமக்குத் தெரிந்த வெள்ளம். இந்த வெள்ளம் வீட்டுக்குள் கல்லாகி உட்கார்ந்துகொள்ளும்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்: தானாக உருகாதா? உருகும். ஆனால் ஐஸ் உருகுவதற்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று நாம் நினைப்பதேயில்லை. 0 பாகையில் இருக்கிற ஒரு கிலோ ஐஸை, அதே 0 பாகைத் தண்ணீராக்குவதற்கு மட்டும் வேண்டிய சூட்டில் ஒரு கிலோ குளிர்தண்ணீரை 80 பாகை வரை கொண்டுபோகலாம். தேத்தண்ணிக்குக் கொதிக்க வைப்பதில் ஐந்தில் நாலு பங்கு வேலை. அதை ஒரு கேத்தலுக்குச் செய்யலாம், ஆற்றுக்கு யார் செய்வது? சூரியன்தான் செய்யவேண்டும், அதற்கு ஏப்ரல் ஆகிவிடும், தண்ணீரோ அதற்கு முன்னமே வந்துவிடும். சில இடங்களில் ஐஸின்மேல் கருமணலோ சாம்பலோ தூவுவார்கள், கறுப்பு வெயிலை இழுக்கும் என்று. நல்ல யோசனைதான், ஆனால் மறுநாள் இரவு ஐந்து சென்ரிமீற்றர் புதுப்பனி விழுந்து மூடினால் அவ்வளவுதான். உடைத்தாலோ ஒன்றையும் உருக்கத் தேவையில்லை, நகர்த்தினால் போதும். நகர்த்துகிற வேலையை ஆறே செய்யும்.

ஆனால் எங்கிருந்து தொடங்குவது? இதைத்தான் நான் எல்லாருக்கும் பிடித்து வைத்துச் சொல்வது. முதல் வருடம் நான் மனதுக்குள் வைத்திருந்த படம் தலைகீழ். மேலே இருந்து உடைத்துக்கொண்டு வருவார்கள், ஐஸ் கீழே போகும் என்று. அப்படிச் செய்தால் நீங்களே காசு கொடுத்து வெள்ளத்தை வரவழைத்த மாதிரி: உடைத்த துண்டெல்லாம் கீழே உடையாமல் கிடக்கும் கூரையில் போய் முட்டி நிற்கும், அங்கேயே அடைப்பு. ஆகவே கடைசியிலிருந்துதான் தொடங்கவேண்டும். ரிடோவில் அருவி விளிம்புதான் கடைசி. முதலில் அங்கே வாயைத் திறக்கிறார்கள், பிறகு படிப்படியாக மேலே, ஆற்றை எதிர்த்து, பாலம் பாலமாக, ஹொக்ஸ்பாக் பக்கம் போகிறார்கள். ஒவ்வொரு துண்டு உடையும்போதும் அதற்குக் கீழே வழி ஏற்கெனவே திறந்திருக்கவேண்டும். நெரிசலில் மாட்டிய பஸ்ஸில் முன்கதவடியில் நிற்பவர் முதலில் இறங்கவேண்டும், பின்னால் நிற்பவர் எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை. பத்துக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் இப்படிப் பின்னோக்கியே போகிறது வேலை. நகரசபை இதை நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்து வருகிறது. குதிரை வண்டிக் காலத்து ஆட்களும் இதே ஒழுங்கில்தான் செய்திருப்பார்கள், வேறு ஒழுங்கு இல்லை.

வெடிக்கு முன்னால், ஜனவரி போல, ஐஸில் நீள நீளமாக வாய்க்கால் வெட்டுவார்கள். அதை இங்கே 'கீ' என்கிறார்கள், சாவி. முதலில் கேட்டபோது ஏன் சாவி என்று விளங்கவில்லை. மாசிக் கடைசியில் அந்தக் கோடு வழியாகவே கூரை கழன்று போனதைப் பார்த்தபோது, யார் வைத்த பெயரோ, பொருத்தம்தான் என்று பட்டது. அப்புறம் மெஷின். பார்ப்பதற்குத் தெருவில் குழி தோண்டுகிற எக்ஸ்கவேற்றர் மாதிரியே இருக்கும், ஆனால் மிதக்கும். மனிடோபாவில், வின்னிபெக்குக்கு வடக்கே ரெட் ஆற்றில் இதே ஜாதி மெஷின்கள் பேர்போனவை, அம்ஃபிபெக்ஸ் என்று பெயர், 20 தொன்னுக்கு மேல் எடை. அது ஐஸை வெட்டுவதில்லை. கையை முன்னால் நீட்டி ஐஸில் ஊன்றி, தன்னைத் தானே இழுத்து, வயிற்றை ஐஸின்மேல் ஏற்றுகிறது. ஒரு கணம் அப்படியே உட்கார்ந்திருக்கும். பிறகு எடை தாங்காமல் ஐஸ் முறிந்து அது தண்ணீருக்குள் தொப்பென்று இறங்கும். திரும்பவும் கையை நீட்டும். கரையேறப் பார்க்கும் முதலை போலிருக்கும். ஒரு மணித்தியாலம் நின்று பார்த்திருக்கிறேன், அலுக்கவில்லை.

ரெட் ஆற்றில் பிரச்சினை இன்னும் பொல்லாதது, ஏனென்றால் அது அமெரிக்காவிலிருந்து வடக்கே வருகிறது. தலைப்பக்கம் தெற்கு, அங்கே முதலில் உருகும். வால்பக்கம் வின்னிபெக் ஏரி, அது அப்போதும் கல். உருகிய தண்ணீர் உறைந்த வாலைத் தேடிக்கொண்டு வருகிறது. நம்முடைய ரிடோவும் வடக்கு நோக்கித்தான் ஓடுகிறது, ஆனால் நீளம் குறைவென்பதால் அந்தக் கஷ்டம் அவ்வளவு இல்லை. இங்கே தொல்லை கடைசிப் பகுதியில் ஆறு மெதுவாகிப் பரவுவதும், பாலங்கள் நெருக்கமாக நிற்பதும், தாழ்ந்த கரையில் வீடுகள் இருப்பதும்.

வெடி வைப்பது எப்படி என்று மூன்றாவது வருடம்தான் ஒழுங்காகப் பார்த்தேன். சோமர்செட் வீதி முடிகிற இடத்தில் ஆற்றுக்குக் குறுக்கே நடைபாலம் ஒன்று இருக்கிறது, அடாவே என்று பெயர், 2015இல் திறந்தது. அன்று அதைத் தற்காலிகமாக மூடியிருந்தார்கள், கரையில் தூரமாக நிற்கத்தான் விட்டார்கள். நாலைந்து பேர் ஐஸின்மேல் நடந்து வரிசையாகத் துளை போட்டார்கள். நான் நினைத்திருந்தது, தீபாவளிக்கு மண்ணில் புதைக்கிற மாதிரி ஐஸுக்குள் வெடியைச் செருகுவார்கள் என்று. அப்படி இல்லை, துளை வழியாகக் கீழே, தண்ணீருக்குள் இறக்குகிறார்கள். தண்ணீர் அமுங்காது, அதுதான் சூட்சுமம். வெடியிலிருந்து வரும் வாயு ஒரு பெரிய குமிழாக ஊதி, தன்மேல் இருக்கும் தண்ணீரையும் ஐஸையும் சேர்த்துத் தூக்கும். ஐஸை இரண்டு பக்கமிருந்தும் அமுக்கினால் நன்றாகத் தாங்கும். வளைத்தால் தாங்காது. அப்பளத்தை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் அழுத்தலாம், நடுவில் விரல் வைத்துத் தூக்கினால் படீர். அதே கதை.

ஆட்கள் கரைக்கு வந்தார்கள், ஒரு சைரன், அப்புறம் ஒன்றும் நடக்காத ஒரு நீண்ட இடைவெளி. முதலில் சத்தமே வரவில்லை. கால் உணர்ந்தது. அப்புறம்தான் ஆறு வரிசையாக எழும்பியது. வெள்ளையாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன், அழுக்குச் சாம்பல் நிறம், அடிச்சேறும் சேர்ந்து வந்திருக்கவேண்டும். மேலே போன துண்டுகள் கீழே விழுகிற சத்தம் தட்டுமுட்டுச் சாமான் கொட்டுவது மாதிரிக் கேட்டது. புகை கலைந்தபோது கூரை முழுக்கக் கோடு கோடாகக் கிழிந்திருந்தது, ஆனால் எதுவும் நகரவில்லை. எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. பக்கத்தில் நாயோடு நின்ற ஒரு கிழவர், வருடா வருடம் வருகிறவராம், பொறு என்று கையைக் காட்டினார். ஐந்து நிமிடம் இருக்கும். ஒரு மூலைத் துண்டு மெதுவாக, யாரோ தூக்கத்தில் புரள்வதுபோல, திரும்பியது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

மீன்களைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு, கேட்கவும் வேண்டும். ரிடோவில், நகரத்துக்கு நடுவிலேயே, மஸ்கி என்கிற பெரிய மீன் இருக்கிறது, அதைப் பிடிக்கவென்றே கோடையில் ஆட்கள் வருகிறார்கள். மீனுக்கு வயிற்றில் ஒரு காற்றுப்பை, மிதப்பதற்கு. வெடி அதிர்ச்சி உடம்பைக் கடந்துவிடும், அந்தப் பையைத்தான் கிழிக்கும். கனடாவின் மீன்வளத் துறை நீரருகே வெடி வைப்பதற்கு 1998இல் வெளியிட்ட வழிகாட்டி, மீனின் காற்றுப்பையில் அழுத்த மாற்றம் 100 கிலோபாஸ்கலைத் தாண்டக்கூடாது என்கிறது. என் சொந்த அபிப்பிராயம்: மெஷினால் முடிகிற இடத்தில் மெஷினையே விடலாம், வெடியைப் பாலத்தடிக்கும் மெஷின் போகமுடியாத ஒடுக்கத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெடியே வேண்டாம் என்கிறவர்களோடு நான் இல்லை. அடைத்த பிறகு வெடிக்கலாமே என்பவர்களும் இருக்கிறார்கள். அடைத்த பிறகு வைக்கும் வெடி பெரும்பாலும் வீண். உடைத்தாலும் போக இடமில்லாத குவியல், ஆட்கள் ஏறவும் முடியாது. இதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது, அதற்குள் செய்யாவிட்டால் இல்லைதான். முந்திச் செய்தால் ஒரு குளிர் வந்து திரும்ப உறையும். பிந்திச் செய்தால் ஐஸ் ஆளைத் தாங்காது.

இப்போது அந்த நேரம் நழுவிக்கொண்டே இருக்கிறது. ஜனவரியில் மழை பெய்கிறது. நான் வந்த புதிதில் ஜனவரி மழை என்றால் அதிசயம், இப்போது குடை கொண்டுபோகிறேன். உறைந்து, பாதி உருகி, திரும்ப உறைந்த ஐஸ் ஒழுங்கான ஐஸாக வராது. இதைப் பற்றிச் சொல்லத் தமிழில் எனக்குச் சொல் போதவில்லை. நமக்குக் காலையில் புல்லில் இருப்பதும் பனி, வானத்திலிருந்து விழுவதும் பனி, ஆறு இறுகினாலும் பனி. இங்குள்ள நாங்கள் ஸ்நோ, ஐஸ் என்று சொல்லிச் சமாளிக்கிறோம். ஆனால் ஆற்றுக்குள்ளேயே நாலைந்து வகை இருக்கிறது. அடியில் தெளிவாக, கறுப்பாகத் தெரிவது கெட்டி. மேலே பனி நனைந்து உறைந்த வெள்ளை, அதைவிட நோஞ்சான். ஓட்டம் வேகமான இடத்தில், தண்ணீர் உறைநிலைக்குக் கீழே ஒரு பாகையில் நூற்றில் சில பங்கு இறங்கியதும், மெல்லிய செதில்கள் தண்ணீருக்குள்ளேயே பிறந்து சுழன்றுகொண்டு வரும். ஒட்டும் தன்மை உள்ள சாமான். கீழ்ப்பக்கத்துக் கூரைக்கு அடியில் போய் ஒட்டி ஒட்டித் தொங்கும் அணையாகவே வளர்ந்துவிடும், மேலே நடப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஹொக்ஸ்பாக் அருவிக்குக் கீழே அதை அம்மாவுக்குக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு "சவ்வரிசிக் கஞ்சி" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர், இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

எனக்குப் பிடித்தது கடைசி வகை. ஏப்ரலில் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் மிச்சத் துண்டுகள். வெயில் அவற்றை மேலிருந்து கரைப்பதில்லை, உள்ளே மணி மணியாக நிற்கும் பளிங்குகளின் இடுக்குகளைத்தான் முதலில் கரைக்கும். பார்வைக்கு முழுத் துண்டு. காலால் தட்டினால் மெழுகுதிரி மாதிரி நீள நீளக் குச்சிகளாகக் கொட்டும், கண்ணாடி வளையல் குலுங்குகிற அதே சத்தம். கையில் ஒன்றை எடுத்துப் பிடித்தால் பத்து நொடியில் மெலிந்துபோகும்.

அம்மாவை வெடி பார்க்கக் கூட்டிப்போக எனக்கு நாலு வருடம் பிடித்தது. நான் கேட்கவில்லை, கேட்கத் தைரியமும் இல்லை. ஒவ்வொரு மாசியும் அறிவித்தல் ஒட்டினவுடன் வாசித்துவந்து அவரிடம் திகதி சொல்லிவிடுவேன், அவ்வளவுதான். வெடிக்கிற நாட்களில் அவர் குசினிப் பக்கம் வானொலியைக் கூட்டிவைப்பார். நாலாவது வருடம் ஒரு காலை, இரண்டாவது வெடிக்குப் பிறகு வானொலியைக் குறைத்துவிட்டு, "உடைச்சதெல்லாம் எங்க போகுது?" என்றார். அருவிக்குப் போகுது என்றேன். "விழுகுதோ?" ஓம், விழுகுது. "அதைப் பாக்கலாமோ?"

வெளிக்கிட ஒரு மணித்தியாலம். இரண்டு சோடி காலுறை, என் பழைய பெரிய ஜக்கற், அதற்கு மேல் கம்பளிச் சால்வை, சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி. சசெக்ஸ் வீதியோரம் அருவியைப் பார்க்க ஓர் இடம் கட்டியிருக்கிறார்கள், கம்பிப் பக்கம் போய் நின்றோம். மேலே எங்கோ உடைத்த துண்டுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. விளிம்புக்கு வரும்வரை மிகவும் சாவகாசமாக வருகின்றன, விளிம்பில் ஒரு தயக்கம், பிறகு மூக்கு குத்திக்கொண்டு இறங்குகின்றன. மூன்று மாடி உயரம். கீழே உறையாமல் கறுப்பாகக் கிடந்த தண்ணீரில் விழுந்து முழுதாக மறைந்து, கொஞ்சம் தள்ளிச் சிறு துண்டுகளாக வெளியே வந்தன. சத்தம் நமக்குச் சற்றுப் பிந்தி வருகிறது. கண்ணுக்கு முதலில், காதுக்குப் பிறகு.

அம்மா ஒன்றும் பேசாமல் எண்ணிக்கொண்டு நின்றார், உதடு அசைவது சால்வைக்குள்ளால் தெரிந்தது. எத்தனை என்று நான் கேட்கவில்லை. ஒரு மேசையளவு துண்டு விளிம்பில் பாறையில் சிக்கி நின்றுவிட்டது. தண்ணீர் அதைச் சுற்றிப் போனது, பின்னால் வந்த சின்னத் துண்டுகள் முட்டிவிட்டு விலகிப் போயின. பத்து நிமிடமாக அப்படியே நின்றது. எனக்குக் கால் விறைத்துவிட்டது, போவம் அம்மா என்றேன்.

"நில்லடா, அது விழட்டும்" என்று சொல்லி, கம்பியில் சாய்ந்துகொண்டு போத்தல் மூடியில் தேத்தண்ணி ஊற்றி என்னிடம் நீட்டினார்.